அனுப்புநர்: யார் வேண்டுமானாலும்

கடை ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் அந்தத் தம்பி வந்து நின்றான். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று பிழைக்கும் சின்னக் கடை என்னுடையது. எப்போதும் வாசலிலிருந்தே ‘அண்ணே’ என்று குரல் கொடுக்கிற கல்லூரிப் பையன், அன்று குனிந்து உள்ளே நுழைந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் செல்போனை நீட்டினான். முகம் வெளிறிப்போயிருந்தது.

ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். ‘உன் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டேன். கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். 48 மணி நேரத்துக்குள் பிட்காயினில் பணம் வராவிட்டால் உன் நண்பர்கள் எல்லோருக்கும் வீடியோ போகும்.’ அவனைக் கலக்கியது மிரட்டல் மட்டும் இல்லை. அனுப்பியவர் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் அவனுடைய சொந்த முகவரி இருந்தது. பிளஸ் டூ படித்தபோது வைத்திருந்த பாஸ்வேர்டு வேறு முதல் வரியிலேயே கிடந்தது.

“என் மெயிலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு எனக்கே அனுப்பியிருக்கிறான் அண்ணே.”

“வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா?”

“இல்லை. இந்த போன் மட்டும்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சிரித்துவிட்டான். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. “சரி, என் முகவரியிலிருந்து எனக்கே எப்படி வரும்?” என்று கேட்டான். இத்தனை வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், மின்னஞ்சலைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இதற்குப் பதில் புரிந்தால் ஸ்பேம் என்கிற குப்பை அஞ்சல், ஃபிஷிங் என்கிற தூண்டில் அஞ்சல் இரண்டிலும் பாதி விளங்கிவிடும்.

உறையின் மூலையில் எழுதுவது

ராஜாஜி சாலையில் இருக்கும் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய், ஓர் உறையின் மூலையில் ‘அனுப்புநர்: மாநகராட்சி ஆணையர்’ என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டால் என்ன ஆகும்? கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேரும். தபால்காரருக்கு வேண்டியது பெறுநர் முகவரிதான். மின்னஞ்சலும் இந்தக் குணத்தோடுதான் பிறந்தது. 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியாக முதல் செய்தியை அனுப்பியபோதும் சரி, 1982-இல் ஜான் போஸ்டல் அஞ்சலைக் கடத்துவதற்கான எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதியபோதும் சரி, அந்த வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் சேர்ந்தவர்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு தெரு மாதிரி. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது அடையாள அட்டை கேட்பார்களா? போஸ்டலின் விதிகளும் கேட்கவில்லை. ஒட்டும் தையலும் போட்டபடி அதே எஸ்.எம்.டி.பி.தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புநர் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறார். ஒன்று உறையின் மேல். அதை இயந்திரங்கள் மட்டும் படித்துக்கொள்கின்றன, நம் கண்ணுக்கு வருவதில்லை. இன்னொன்று உள்ளே இருக்கும் தாளின் தலைப்பில். நாம் திரையில் பார்ப்பது இந்த இரண்டாவதை. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று பழைய விதி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு வந்த அஞ்சலில், யாரோ ஒருவன் தாளின் தலைப்பில் பையனின் முகவரியையே எழுதிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. மெயில்பெட்டிக்குள் யாரும் நுழையவில்லை. பழைய பாஸ்வேர்டு எங்கிருந்து வந்தது என்றால், அவன் எப்போதோ கணக்குத் தொடங்கிய ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்திருக்கும். அப்படிக் கசிந்த பட்டியல்கள் கூறுகட்டி விற்கப்படுகின்றன. வாங்கியவன் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே மிரட்டலை அனுப்பிவிட்டு, பயந்தவன் பணம் தரட்டும் என்று காத்திருக்கிறான்.

நெத்திலிக்கு வலை, வஞ்சிரத்துக்குத் தூண்டில்

ஸ்பேம் என்பது ஓர் அமெரிக்க டப்பா இறைச்சியின் பெயர். கேட்காமலே வந்து குவிகிற குப்பை அஞ்சலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் ஸ்பேம் என்று எல்லோரும் சுட்டுவது 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் கேரி துர்க் தம் நிறுவனத்தின் புதிய கணினிகளை விளம்பரப்படுத்தி ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய அஞ்சலைத்தான். அன்றைக்கே திட்டு வாங்கினார். திட்டு வாங்கியும் பழக்கம் நிற்கவில்லை, காரணம் செலவு. சுவரொட்டிக்குக்கூடப் பசை வாங்கவேண்டும். ஒரு லட்சம் மின்னஞ்சலுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வேண்டாம். ஒருவர் ஏமாந்தாலும் லாபம்.

ஸ்பேம் தொல்லை என்றால் ஃபிஷிங் திருட்டு. மீன் பிடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை மாற்றி எழுதியது அது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் இணையக் கணக்குகளைத் திருடிய கூட்டத்திடம் பிறந்த சொல். காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. நெத்திலிக்கு வலையை அகல விரிக்கிறார்கள், கிடைத்தது கிடைக்கட்டும். ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது’ என்று லட்சம் பேருக்குப் போகிற அஞ்சல் அந்த வகை. பெரிய வஞ்சிரத்துக்குத் தூண்டிலில் இரை குத்துகிறவர் அது எங்கே திரியும், எதைத் தின்னும் என்று தெரிந்துகொண்டுதான் குத்துகிறார். ஓர் அலுவலகத்தின் கணக்காளர் பெயர், முதலாளி பெயர், சரக்கு வருகிற நாள் எல்லாம் தெரிந்துகொண்டு அவருக்கென்றே எழுதப்படுகிற அஞ்சல் இந்த வகை. ஒரு வித்தியாசம்: நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. இவர்களுக்கு அதுவும் கிடையாது.

இரையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிற ஜூலை மாதத்தில் இந்த அஞ்சல் தவறாமல் வரும். என் கடை வாடிக்கையாளர் ஒருவருக்கு வந்ததை அச்செடுத்தே வைத்திருக்கிறேன். மேலே அரசு முத்திரை. ‘உங்களுக்கு ரூ.15,490 ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது. வங்கி விவரம் பொருந்தாததால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இன்று இரவு 12 மணிக்குள் கீழே உள்ள பட்டனை அழுத்திச் சரிசெய்யவும்.’ தொகையைக் கவனியுங்கள். 15,000 என்று முழுசாக இல்லை, 15,490. சில்லறையோடு சொன்னால் கணக்குப் போட்டுச் சொன்ன மாதிரி தெரியும். கெடுவைக் கவனியுங்கள். யோசிக்கவும், அக்கம்பக்கத்தில் கேட்கவும் நேரம் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் அது. ஆசை, அவசரம் இரண்டையும் ஒரே பத்தியில் வைத்துவிட்டான். எழுத்துப்பிழையைத் தேடினால் கண்டுபிடிக்கலாம் என்று பழைய அறிவுரை ஒன்று உண்டு. அதை இனி மறந்துவிடலாம். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு திருடர்களும் பிழையில்லாமல் எழுதுகிறார்கள், தமிழில்கூட.

கவனமாகப் பார்க்கவேண்டிய இடம் அந்தப் பட்டன் எங்கே கூட்டிப்போகிறது என்பது. கணினியில் அதன்மேல் சுட்டியை வைத்தால், அழுத்தாமலேயே, உண்மையான முகவரி திரையின் அடியில் தெரியும். செல்போனில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும். அந்த முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் உள்ள பகுதியை வலது பக்கத்திலிருந்து படிக்கவேண்டும். நம் வீட்டு முகவரி மாதிரிதான்: கதவு எண், தெரு, பேட்டை, கடைசியில் ஊர். கடைசியில் இருப்பதுதான் எந்த ஊர் என்று சொல்கிறது. ‘இன்கம்டாக்ஸ் டாட் ஏதோஒன்று டாட் காம்’ என்று இருந்தால் அந்த இடத்தின் சொந்தக்காரர் ஏதோஒன்று டாட் காம். முன்னால் இருக்கும் இன்கம்டாக்ஸ் அவர் தன் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்ட பலகை. அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது எதுவும் சொந்தக்காரரைச் சொல்லாது. உண்மையான தளம் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்று முடியும். கவ் டாட் இன் என்ற முடிவு அரசுக்கு மட்டுமே கிடைக்கும். வங்கிகளுக்கும் இப்படி ஒன்று வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் பேங்க் டாட் இன் என்று முடிகிற முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சாமானியருக்கு உருப்படியாக உதவுகிற உத்தரவு என்று இதைச் சொல்வேன்.

எழுத்திலும் ஏமாற்று உண்டு. ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரியே தெரியும். ஓ என்ற எழுத்தின் இடத்தில் பூஜ்யம் உட்காரும். சிறுவயதில் பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் அப்பா ஆசையாக வாங்கிவந்த ரேடியோவில் ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயர் இருந்தது. ஓர் எழுத்து மட்டும் வேறு. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று, ரேடியோவும் அதற்குள் நின்றுபோயிருந்தது.

கேட்டும் சீலும்

உறையின் மூலையில் யாரும் எதையும் எழுதலாம் என்ற ஓட்டையை அடைக்க முயற்சி நடக்காமல் இல்லை. மூன்று பூட்டுகள் போட்டிருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இவை சட்டென்று பிடிபடும். முதலாவது எஸ்.பி.எஃப். ‘என் கம்பெனி பெயரில் இன்னின்ன லாரிகள்தான் வரும்’ என்று கேட்டில் கொடுத்து வைக்கிற பட்டியல் அது. இரண்டாவது டி.கே.ஐ.எம். கன்டெய்னர் கதவில் போடுகிற சீல் போன்றது. வழியில் யாராவது திறந்து எதையாவது மாற்றியிருந்தால் சீல் காட்டிக்கொடுக்கும். கணித முறையில் போடுகிற சீல் என்பதால் போலியாகச் செய்வது நடைமுறையில் இயலாது. மூன்றாவது டிமார்க், 2012-இல் வெளியானது. நம் கண்ணுக்குத் தெரிகிற பெயரும், பட்டியலிலோ சீலிலோ உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று அது பார்க்கச் சொல்கிறது. பொருந்தாவிட்டால் சரக்கை உள்ளே விடுவதா, ஓரங்கட்டுவதா, திருப்பி அனுப்புவதா என்று கம்பெனியே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடும். 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக அஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயமாக்கின.

நீங்களே பார்க்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஓர் அஞ்சலின் வலதுபுறம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூன்றுக்கும் நேரே பாஸ், ஃபெயில் என்று முடிவு இருக்கும். பையனின் அஞ்சலில் எஸ்.பி.எஃப்., டிமார்க் இரண்டும் ஃபெயில். டி.கே.ஐ.எம். சீலே இல்லை. அதைக் காட்டிய பிறகுதான் அவன் தண்ணீர் குடித்தான்.

ஆனால் பாஸ் என்று வந்தால் நல்ல அஞ்சல் என்று எடுத்துக்கொண்டால் மோசம் போவோம். இன்ன பெயரிலிருந்து வந்தது மெய்தான் என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்தப் பெயர்க்காரன் யோக்கியனா என்று கேட்டில் இருப்பவருக்குத் தெரியாது. ஏதோஒன்று டாட் காம் என்ற பெயரைத் திருடனே காசு கொடுத்து வாங்கி, மூன்று பூட்டையும் முறையாகப் போட்டுக்கொண்டு அனுப்பினால் மூன்றும் பாஸ்தான்.

அதைவிட மோசமானது, உண்மையான ஆளின் பெட்டியிலிருந்தே வருவது. தம்புச் செட்டித் தெருவில் இறக்குமதி செய்கிற சின்ன அலுவலகம் ஒன்றின் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கணக்குப் பார்க்கிற அக்கா ஒருநாள் போன் செய்தார். வெளிநாட்டில் சரக்கு தருகிறவரிடமிருந்து அஞ்சல் வந்திருக்கிறது, முந்தைய கடிதங்களின் தொடர்ச்சியாகவே. இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, கையெழுத்துப் பகுதியில் லோகோவும் சரி. ஒரே ஒரு வரிதான் புதிது: ‘எங்கள் கணக்கில் தணிக்கை நடப்பதால் இந்தமுறை கீழே உள்ள வேறு கணக்குக்கு அனுப்பவும்.’

“எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் இத்தனை வருடத்தில் அவர் ஒருதடவைகூட பேங்கை மாற்றியதில்லை.”

ஒரிஜினலைத் திறந்து பார்த்தேன். மூன்றும் பாஸ். அனுப்புநர் முகவரியும் அவருடையதேதான். ஆனால் ‘ரிப்ளை டு’ என்ற வரியில், அதாவது நாம் பதில் எழுதினால் அது எங்கே போகவேண்டும் என்ற இடத்தில், வேறொரு முகவரி. முன்பு சொன்ன ஆர், என் வித்தை அங்கே இருந்தது. அக்கா பதில் அஞ்சல் எழுதி ‘உண்மையா’ என்று கேட்டிருந்தால், ‘உண்மைதான்’ என்று திருடனே பதில் சொல்லியிருப்பான். அவர் அதைச் செய்யவில்லை. பழைய பில் ஒன்றில் அச்சிட்டிருந்த எண்ணைத் தேடி எடுத்து போன் போட்டார். சரக்குக்காரர் அதிர்ந்துபோனார். அவருடைய மெயில்பெட்டியில்தான் யாரோ குடியிருந்திருக்கிறார்கள். இந்த வகைத் திருட்டை வடிகட்டிப் பிடிக்க எந்த மென்பொருளாலும் சுலபத்தில் முடியாது. அஞ்சல் காட்டிய வழியில் போகாமல், தனக்கு முன்பே தெரிந்த வழியில் போய்க் கேட்டார் பாருங்கள், அதுதான் பிடித்தது. வங்கி அஞ்சல் வந்தால் வங்கிச் செயலியைத் தனியாகத் திறந்து பார்ப்பதும், வரி அஞ்சல் வந்தால் தள முகவரியை நம் கையால் தட்டச்சு செய்து போவதும் இதே வேலைதான்.

வாசலில் வைக்கவேண்டியவை

ஸ்பேமுக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிட்டுக் குப்பையைப் பிரிக்கும் முறை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரவிவிட்டது, இன்றைய வடிகட்டிகள் அதைவிடப் பலமடங்கு கெட்டி. வந்ததை வெறுமனே அழிக்காமல் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ அழுத்தினால் வடிகட்டி உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளும். நீங்களே பொருள் வாங்கிய கடையின் விளம்பரம் என்றால் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்தலாம். முன்பின் தெரியாதவனின் அஞ்சலில் அதை அழுத்தினால் ‘இந்த வீட்டில் ஆள் இருக்கிறது’ என்று நாமே சொன்னதாகிவிடும். படங்கள் தானாகத் திறப்பதை அமைப்புகளில் நிறுத்திவிடுவதும் இதனால்தான். கண்ணுக்குத் தெரியாத புள்ளியளவு படம் ஒன்றை வைத்து, அஞ்சல் திறக்கப்பட்டதை அறிந்துகொள்வார்கள். ஜிமெயிலில் இன்னொரு சின்ன வசதி: உங்கள் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு ‘துணிக்கடை’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுத்தாலும் அஞ்சல் உங்களுக்கே வரும். நாளைக்கு அந்த முகவரிக்குக் கடன் விளம்பரம் வந்தால் யார் விற்றது என்று தெரிந்துவிடும். அஞ்சலோடு வரும் கோப்புகளில் ஒரு எச்சரிக்கை போதும்: பெயர் பி.டி.எஃப். என்று காட்டினாலும் விண்டோஸ் கோப்பின் கடைசி வாலை வழக்கமாக மறைத்துவிடும். அந்த வால் இ.எக்ஸ்.இ. ஆக இருந்தால் அது பில் இல்லை, நிரல்.

ஃபிஷிங்குக்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு பாஸ்வேர்டு. நினைவில் நிற்காது, நிற்கவும் வேண்டாம். பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பித்தரும் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற செயலியை வைத்துக்கொள்ளுங்கள். அதில் இன்னொரு லாபம், போலித் தளத்தில் அது பாஸ்வேர்டை நிரப்பாது. நம் கண் எழுத்தில் ஏமாறும், அது ஏமாறாது. வழக்கமாக நிரம்பும் கட்டம் ஒருநாள் காலியாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டாவதாக, பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கிற இருபடிச் சரிபார்ப்பு. ஓ.டி.பி. நல்லதுதான், ஆனால் போலித் தளத்தில் நீங்கள் தட்டும் ஓ.டி.பி.யை அந்த நொடியே உண்மைத் தளத்தில் போட்டு நுழைகிற கூட்டமும் இருக்கிறது. பாஸ்கீ என்ற புதிய முறையில் அது நடக்காது. போனில் விரல் ரேகை வைத்துத் திறக்கும் அந்தச் சாவி உண்மையான தளத்தின் பூட்டுக்கு மட்டுமே பொருந்தும். முதலில் மின்னஞ்சல் கணக்குக்கு இதைப் போடுங்கள். மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றுகிற வழி அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது.

மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு உட்காரக்கூடாது. நானே ஒரு பார்சலுக்குக் காத்திருந்த வாரத்தில் ‘டெலிவரி முடியவில்லை’ என்ற அஞ்சலை அழுத்தி, கார்டு எண்ணில் பாதிவரை தட்டியிருக்கிறேன். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நம் கவனக்குறைவால் நடந்த திருட்டாக இருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதித்தது.

பாஸ்வேர்டைப் பறிகொடுத்தவர்கள் அதை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். வேலை அதோடு முடிவதில்லை. மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றவேண்டும். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் நம்முடையவைதானா என்று பார்க்கவேண்டும். அமைப்புகளில் ‘ஃபில்டர்’, ‘ஃபார்வர்டிங்’ என்ற இரண்டு பக்கங்களையும் திறந்து பார்க்கவேண்டும். வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்கிற பெரியவர் ஒருவர், பாஸ்வேர்டு மாற்றி ஐந்து மாதம் ஆன பிறகு, பார்ட்டிகள் அனுப்பும் அஞ்சல் சில வருவதே இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஃபில்டர் பக்கத்தைத் திறந்தேன். அவர் எழுதாத விதி ஒன்று அங்கே இருந்தது: ‘பேமென்ட்’ என்ற சொல் வரும் அஞ்சல் எல்லாம் இன்னொரு முகவரிக்கு ஒரு நகல் போகவேண்டும், இங்கே இன்பாக்ஸில் தெரியக்கூடாது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த முகவரியை எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார். “இதை அழித்துவிடலாமா ஐயா?” என்று கேட்டேன். “இரு, முதலில் ஒரு பிரிண்ட் எடு” என்றார்.